நின்ற வண்டி போட்ட கோடு

அந்தப் பெண் வணக்கம் சொல்லவில்லை. கையில் இருந்த கடிதத்தை நான்காகக் கிழித்து எங்கள் மேஜை மேல் போட்டாள். அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

“கையெழுத்துப் போட முடியாது. செத்தாலும் போட மாட்டேன்.”

“நாங்க போடச் சொல்லவே இல்லையேம்மா,” என்றேன். “இங்க டீயைத் தவிர வேற எதுக்கும் யாரையும் வற்புறுத்துறதில்ல.”

அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு முதல் தடவையிலேயே சிரித்த வாடிக்கையாளர் இதுவரை ஒருவரும் இல்லை. அதற்காக நான் நிறுத்திவிடுவேனா என்ன?

இராமநாதபுரம் அரண்மனைத் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் துப்பறியும் அலுவலகம். ‘எங்கள்’ என்று சொல்வதை ருக்ஸானா அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார். போர்டில் அவர் பெயர் மட்டும்தான். வயது ஐம்பத்திரண்டு, சொந்த ஊர் புதுமடம். இருபது வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்து, தராசில் தில்லுமுல்லு பண்ணுகிறவர்களைக் கடை கடையாகப் பிடித்தவர். ஒரு நாள் மேலதிகாரியின் மைத்துனர் கடைத் தராசையும் பிடித்தார். “கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க” என்று மேலே இருந்து சொன்னார்கள். அக்கா பார்த்துத்தான் நடந்தார், நேராக வாசலைப் பார்த்து.

நான் பிரடெரிக், உதவியாளன். தங்கச்சிமடத்தில் படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிற மீனவன் யார் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் வீட்டைக் காட்டும். கடல் என்னை வேண்டாம் என்றது, அக்கா போனால் போகிறதென்று வைத்துக்கொண்டார்.

அக்கா நான்கு துண்டுகளையும் ஒட்டவைத்துப் படித்தார். “போட்டியில் என் முறை வந்தபோது அளவு வண்டியின் ஸ்பிரிங்கை ரகசியமாக மாற்றினேன் என்பதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறேன். இப்படிக்கு, ஜாஸ்லின்.” தலையை நிமிர்த்தினார். “ஜாஸ்லின் நீதானா?”

“நான்தான். பாம்பன். எங்க அய்யா சவேரியாருக்குப் படகு எஞ்சின் பட்டறை. நானும் அங்கனதான் வேலை பாக்குறேன்.”

“லெட்டரை எழுதினது?”

“மாதிரி ரயில் கழகம்னு, குட்டி ரயிலு செய்யுறவுக கூட்டம். அதுக்குச் செயலாளர் அருள்முருகன் சாரு. ‘நல்லதுக்குத்தான் சொல்றேன், போட்டுரும்மா’ன்னாக. இன்னைக்கு நாலு மணிக்குள்ள போட்டா என் வண்டியைத் திருப்பித் தருவாகளாம். போடலைன்னா வண்டி கழகத்துக்கு, எம்பேரு நோட்டீஸ் போர்டுக்கு. பாலம் கட்டுற வேலையும் போச்சு.”

“எந்த வண்டி? என்ன பாலம்? தண்ணி குடிச்சிட்டு ஒண்ணொண்ணாச் சொல்லு தாயி.”

அவள் தண்ணீர் குடிக்கவில்லை. கொண்டுவந்த ஒயர் கூடையிலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் குட்டி ரயில் பெட்டி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். பித்தளைத் தகட்டில் செய்தது. ஜன்னல், படிக்கட்டு, கூரையில் காற்றுக்குழாய் எல்லாம் இருந்தது. உள்ளே ஒரு மேஜை, அதன் மேல் குனிந்து எதையோ பார்க்கும் நக அளவு பொம்மை மனிதர்.

“இது நான் முதல்ல செஞ்சு பாத்தது. இதே மாதிரி, இதைவிட நல்லா செஞ்சதைத்தான் அவுக வெச்சிருக்காக,” என்றாள். “நெச ரயில்லயே இப்படி ஒரு வண்டி உண்டுக்கா. ஆளை ஏத்தாது, அளவு எடுக்கும். புதுசா ஒரு எஞ்சின் செஞ்சா, அது எம்புட்டு இழுக்குதுன்னு தெரியணும்ல? எஞ்சினுக்கும் மத்த பெட்டிகளுக்கும் நடுவுல இதை மாட்டிருவாக. மொத்த இழுப்பும் இது வழியாத்தான் போகணும். உள்ள ஸ்பிரிங்கு இருக்கு. எஞ்சின் இழுக்க இழுக்க ஸ்பிரிங்கு நீளும், பேனா நகரும், பேப்பர்ல கோடு ஏறும். டைனமோமீட்டர் காருன்னு பேரு. நான் இழுவை வண்டின்னு சொல்றது.”

“அப்ப இந்தக் குட்டி வண்டி குட்டி எஞ்சினை அளக்கும்?” என்றார் அக்கா.

“கிராம் கணக்குல அளக்கும்.”

அவள் கொக்கியில் ஒரு விரலை மாட்டி மேஜை மேல் வண்டியை இழுத்தாள். பஸ் கண்டக்டர் மெஷினில் வருகிற பேப்பர் ரோல்தான், உள்ளே மெதுவாக நகர்ந்தது. வெட்டிய ரீபில் ஒன்று அதன் மேல் நீலக் கோடு போட்டுக்கொண்டே வந்தது. நான் அசந்துபோனேன். சத்தியமாக அந்த நேரத்தில் ஒரு ஜோக்கும் வரவில்லை.

“இப்ப சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்திக்கிட்டு இழு,” என்றார் அக்கா.

ஜாஸ்லின் ஒரு கையால் சக்கரத்தை அழுத்திக்கொண்டு மறு கையால் கொக்கியை இழுத்தாள். பேனா குறுக்கே போனது, விட்டதும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. பேப்பர் நகரவே இல்லை.

“பேப்பர் ஏன் நின்னுருச்சு?”

“சக்கரத்துல இருந்துதான் பேப்பரை இழுக்குற பல்லு வருது. எத்தனை தூரம் போச்சோ அத்தனை பேப்பர். வண்டி நின்னா பேப்பரும் நின்னுரும்.”

அக்கா குழந்தை மாதிரி அதை மூன்று தடவை செய்து பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “இப்ப சண்டையைச் சொல்லு” என்றார்.

சண்டை இதுதான். ராமேசுவரம் சாலையில் புதிதாக ஒரு கண்காட்சிக் கூடம் வருகிறது. அதில் கடல் பாலத்தையும் அதன் மேல் ஓடும் ரயில்களையும் பெரிய மாதிரியாகக் கட்ட வேண்டும். இரண்டு வருட வேலை, கட்டியவர் பெயர் வாசலிலேயே இருக்கும். கழகம் நடத்தும் இழுவைப் போட்டியில் யாருடைய மாதிரி எஞ்சின் ஜெயிக்கிறதோ, அவருக்கு அந்த வேலை. சனிக்கிழமை பதினோரு எஞ்சின்கள் ஓடின. எல்லாவற்றையும் அளந்தது ஜாஸ்லினின் இழுவை வண்டி. சக்கரம் வழுக்கும்வரை பின்னால் சரக்குப் பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். திருப்புல்லாணி வீரபத்திரனின் எஞ்சின் நானூற்று நாற்பது கிராம் இழுத்தது. கடைசியாக வந்த ஜாஸ்லினின் எஞ்சின் நானூற்று எண்பது.

“ஞாயித்துக்கிழமை அருள்முருகன் சாரு கூப்பிட்டு, எஞ்சினை மட்டும் திருப்பிக் குடுத்துட்டு ஒரு கதை சொன்னாரு. சனிக்கிழமை எல்லாரும் போன பொறகு, கூடத்துல இருந்த என் எஞ்சினைத் தனியா ஓட்டிப் பாத்தாராம். முந்நூத்தம்பதுதான் வந்துச்சாம். அப்ப என் முறையில மட்டும் நான் இளக்கமான ஸ்பிரிங்கைப் போட்டு ஓட்டிட்டு, பொறகு பழசையே மாட்டிட்டேனாம்.”

“அவரு ஓட்டினதுக்குக் கோடு போட்ட பேப்பர் இருக்குமே?”

“இருக்காம். எனக்குக் காட்ட மாட்டேங்குறாக. வீரபத்திரன் அண்ணனுக்கு மட்டும் போட்டோ அனுப்பிருக்காக.”

அக்கா அவள் கண்ணையே பார்த்தார். “ஸ்பிரிங்கை மாத்தினியா?”

ஜாஸ்லினுக்கு மூக்கு சிவந்துவிட்டது. “மாத்தியிருந்தா நானூத்தி எண்பதோடவா விட்டுருப்பேன்? ஆயிரம் காட்டிருப்பேன்!”

அக்கா எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “நாலு மணிக்கு உன் எஞ்சினைத் தூக்கிக்கிட்டு நேரா கழகத்துக்கு வந்துரு. அழுத முகத்தோட வராத.”

“நான் எதுக்குக்கா அழப்போறேன்?” என்றாள் அவள். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போயிற்று.

* * *

திருப்புல்லாணி போய்ச் சேரும்வரை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நான் வழக்கை முடித்துக்கொண்டே வந்தேன். ஜெயித்தவள் தோற்றால் லாபம் யாருக்கு? இரண்டாவதாக வந்தவனுக்கு. பிடி அவனை.

வீரபத்திரன் வீட்டு முற்றம் முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ஆறடி உயரம், முறுக்கு மீசை. நாங்கள் ஜாஸ்லின் பெயரைச் சொன்னதும் மீசை இன்னும் கொஞ்சம் ஏறியது.

“தராசைச் செஞ்சவளே சரக்கையும் விக்க வந்தா எப்படிங்க? முதல்லயே கேட்டேன். எவனும் காதுல வாங்கல.”

“நியாயமான கேள்வி,” என்றார் அக்கா. வீரபத்திரன் எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் அடங்கினார்.

“நான் தோத்ததுக்குப் பொறாமைல பேசறேன்னு ஊருக்குள்ள சொல்றாக. என் எஞ்சினைப் பாருங்க. ஒவ்வொரு ஆணியும் என் கையால அடிச்சது. நாலு வருசம். தோத்தா நேரா தோக்கணும், ஜெயிச்சா நேரா ஜெயிக்கணும். ஏமாந்து தோக்க நான் ஒண்ணும் கேனயன் இல்ல!”

“அந்தப் பேப்பர் போட்டோவைக் காட்டுங்க.”

அவர் போனை அக்கா முன்னால் தட்டென்று வைத்தார். “நல்லாப் பாத்துக்கங்க. முந்நூத்தம்பது!”

நானும் எட்டிப் பார்த்தேன். நீலக் கோடு கீழிருந்து ஏறி முந்நூற்று ஐம்பதில் போய் நின்றது. பிறகு அதே உயரத்தில் நாலு விரல்கடை நீளத்துக்கு நேராக ஓடியது. அப்புறம் இறங்கியது. நேராக ஓடிய இடத்துக்கு மேலே அழகான கையெழுத்தில், ‘16.40 முதல் 16.41 வரை ஏற்றத்தில் வண்டி நின்றது, சக்கரம் வழுக்கல்’ என்று எழுதியிருந்தது.

“இந்த ஒரு நிமிஷமும் வண்டி நகரலையா?” அக்கா கேட்டார்.

“நகரல. சக்கரம் சும்மா சுத்திச்சாம், வண்டி அப்படியே நின்னுச்சாம். சாரு சொன்னாரு.”

“நீங்க இந்தக் கோட்டை நல்லாப் பாத்தீகளா?”

“நம்பரைப் பாத்தேன். கோவத்துல வேற எதுவும் கண்ணுல படல.”

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். “அந்தப் பொண்ணு இல்லைன்னா பாலம் வேலை உங்களுக்குத்தான?”

“எனக்கு ஏதுங்க நேரம்? இந்தா, மிளகாய் கெடக்கு. அருள்முருகன் சாரு போட்டிக்கு முன்னாடியே கேட்டுட்டாரு. ‘நீங்க ஜெயிச்சா கழகத்துக்கு விட்டுருங்க, நானே முன்ன நின்னு பாத்துக்கிறேன்’னு. செஞ்சுக்கங்கன்னுட்டேன். எனக்கு ஜெயிச்சாப் போதும்.”

புறப்படும்போது அக்கா அவரைத் தனியாக அழைத்து ஏதோ சொன்னார். வீரபத்திரன் மீசையைத் தடவிக்கொண்டே தலையாட்டினார். என்ன என்று கேட்டேன். “மிளகாய் என்ன விலைன்னு கேட்டேன்” என்றார். நம்பிவிடுவேனாக்கும்!

சாலைக்கு வந்ததும் அக்கா ஸ்கூட்டரை நிறுத்தினார்.

“ஏலே பிரடெரிக்கு. வண்டி நின்னா பேப்பர் என்னாகும்?”

“நிக்கும்.”

“அப்ப நின்ன வண்டி எப்படிடா நாலு விரக்கடைக்குக் கோடு போட்டுச்சு?”

“அடப்பாவி! அது வண்டி போட்ட கோடே இல்ல. கையால போட்டது!”

“கையால போட்டவன் யாருங்கறதும் அதுலயே இருக்கு. பேப்பர் எதுக்கும் நிக்காம, கடிகாரத்தோட ஓடிக்கிட்டே இருக்குற இடத்துல வேலை பாக்குற ஆளு அவன். ஒரு நிமிஷம் நின்னா ஒரு நிமிஷத்துக்குக் கோடு வரணும்னு அவன் கை தானா இழுத்துருச்சு. தூரத்தை எழுத வேண்டிய இடத்துல மணியை வேற எழுதிருக்கான். வீரபத்திரன் அந்தத் தப்பைப் பண்ண மாட்டான், அவன் எஞ்சின்காரன். அருள்முருகனுக்கு என்ன தொழில்?”

“உச்சிப்புளி தாண்டி ஒரு இறால் கம்பெனில மேனேஜர். ரயில் பக்கம் வந்தே ஒரு வருசம்தான் ஆச்சுன்னு கேள்வி. கூட்டம் நடத்த நல்லாப் பேசுவாருன்னு செயலாளர் ஆக்கிட்டாக.”

“ஏறு வண்டில.”

* * *

இறால் கம்பெனி வாட்ச்மேன் அக்காவைப் பார்த்ததும் சல்யூட் அடித்தார். ஆய்வாளராக வந்து போன காலத்துப் பழக்கம், வேலையை விட்டது அவருக்குத் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

குளிர் அறைக்கு வெளியே சுவரில் ஒரு பழைய மெஷின். அதற்குள் கட்டம் போட்ட பேப்பர் ஒன்று நகருகிறதா என்றே தெரியாத வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு பேனா கோடு போட்டது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பெண் ஒருத்தி அதன் பக்கத்தில் நின்றிருந்தாள். அட்டையில் பானுப்பிரியா என்று பெயர்.

“இது என்னம்மா?”

“உள்ள எம்புட்டுக் குளிருன்னு எழுதுறது மேடம். ராவும் பகலும் ஓடும்.”

“கதவைத் திறந்தா?”

“கோடு மேல ஏறும். அந்த இடத்துல நாங்க மணியைப் போட்டு, என்ன ஆச்சுன்னு எழுதணும். இந்தாங்க, பதிமூணு அஞ்சுல இருந்து பதிமூணு எட்டு வரை லோடு ஏத்தினோம். எழுதலைன்னா மேனேஜர் சாரு தொலைச்சுப்புடுவாரு. எழுத்து அழகா வேற இருக்கணும் அவருக்கு.”

“கரண்டு போனா பேப்பர் நிக்குமா?”

“பேட்டரில ஓடும் மேடம். எதுக்கும் நிக்காது.”

வாயை மூடிக்கொண்டு நான் வந்திருக்கலாம். ஆனால் எனக்குக் கடலும் ஒத்துவராது, மௌனமும் ஒத்துவராது.

“உங்க மேனேஜரு ரயிலையும் இறாலாட்டம் நெனச்சுப்புட்டாரு போலம்மா!” என்றேன். “நின்ன வண்டிக்குக் கோடு போட்டுக் குடுத்துருக்காரு. நாலு மணிக்கு வந்து அவர்கிட்டயே வெளக்கம் கேக்குறோம்.”

பானுப்பிரியாவின் முகம் மாறியது. நாங்கள் வெளி வாசலைத் தாண்டுவதற்குள் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே வேகமாகப் போவது தெரிந்தது.

“அக்கா,” என்றேன். “என்னை அடிச்சிருங்க.”

“எதுக்கு? வா, டீ குடிப்போம்.”

“டீயா? அவரு இப்பவே கழகத்துக்குப் போயிருவாருக்கா! நாம முந்தணும்!”

அக்கா உச்சிப்புளி டீக்கடையில் ஒரு டீ குடித்தார். ரெண்டு பருப்பு வடை தின்றார். இன்னொரு டீ சொன்னார். கடைக்காரரின் மகளுக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது என்று விசாரித்தார். நான் வடையைத் தொடவே இல்லை. என் வாயால் ஒரு பெண்ணின் இரண்டு வருட வேலை போகப்போகிறது என்ற நினைப்பில் எனக்கு நெஞ்சே அடைத்தது.

* * *

நாலு மணிக்குக் கேணிக்கரையில் கழகத்துக் கூடம் நிரம்பியிருந்தது. நடுவில் பெரிய மேஜை, அதில் வளைந்து ஏறி இறங்கும் தண்டவாளம். ஓரத்தில் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஜாஸ்லினின் இழுவை வண்டி. சாவி அருள்முருகனின் சட்டைப் பையில் தொங்கியது.

வெள்ளைச் சட்டை, விபூதி, மெதுவான குரல். “வாங்கம்மா,” என்று எங்களைக்கூட அன்பாகத்தான் வரவேற்றார். ஜாஸ்லின் முன்னால் கடிதத்தின் புதுப் பிரதியும் ஒரு பேனாவும் தயாராக இருந்தன. அவள் எஞ்சினை மேஜையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. வீரபத்திரனிடம் வாங்கி வந்திருந்த போட்டோவை எல்லாருக்கும் காட்டினார். ஒயர் கூடையில் இருந்த பழைய வண்டியை எடுத்துச் சக்கரத்தைப் பிடித்துக் காட்டினார். “வண்டி நின்னா பேப்பர் நிக்கும். இந்தக் கோடு நிக்கல. இதை வண்டி போடல,” என்றார். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. எல்லாரும் ரயில் பைத்தியங்கள், அவர்களுக்கு ஒரு தடவை சொன்னால் போதும். வீரபத்திரன் தன் போனை எடுத்து அந்தக் கோட்டை இப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தார்.

அருள்முருகன் பதறவில்லை. சிரித்தார்.

“அசல் பேப்பர் கிழிஞ்சுபோச்சும்மா. நீட்டா இருக்கட்டுமேன்னு பாத்து எழுதினேன். கோடு கொஞ்சம் நீண்டுருச்சு, அவ்வளவுதான். சந்தேகம் எதுக்கு? எஞ்சின் இருக்கு, வண்டி இருக்கு. எல்லார் முன்னாடியும் இப்பவே ஓட்டிப் பாப்போமே!”

நாங்கள் கேட்க வேண்டியதை அவரே கேட்டுவிட்டார். குற்றவாளி தானாக வந்து கழுத்தை நீட்டினால் கத்தி நம்மிடம் இல்லை என்று அர்த்தம்.

பெட்டியைத் திறந்தார்கள். ஜாஸ்லின் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்து, இழுவை வண்டியை மாட்டினாள். பின்னால் சரக்குப் பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எஞ்சின் ஏற்றத்தில் முனகிக்கொண்டு ஏறியது. பத்தொன்பதாவது பெட்டியில் சக்கரம் வழுக்கியது. எல்லாரும் பேப்பரைக் குனிந்து பார்த்தார்கள்.

முந்நூற்று அறுபது.

யாரோ ‘ச்சூ’ கொட்டினார்கள். என் முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடம் இல்லை.

“பத்து கிராம் கூடவே வந்துருக்கு, சந்தோசம்,” என்றார் அருள்முருகன். பேனாவை நீட்டினார். “போட்டுரும்மா. சின்ன வயசு, தப்புப் பண்றது சகஜம்.”

ஜாஸ்லின் பேனாவை வாங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பேனா தரையில் கிடந்தது.

“வீரபத்திரன் அண்ணே,” என்றாள். “உங்க எஞ்சினைக் கொண்டாங்க.”

“என் எஞ்சின் எதுக்கு?”

“சனிக்கிழமை இதே வண்டில நானூத்தி நாப்பது இழுத்துச்சுல்ல? இன்னைக்கும் இழுக்கட்டும்.”

அருள்முருகன் முதல் முறையாக அவசரப்பட்டார். “அவரு எஞ்சின் திருப்புல்லாணில இருக்கும்மா. அதுக்குப் போய் வந்து...”

“கார்ல இருக்கு,” என்றார் வீரபத்திரன். “ருக்ஸானா அம்மாதான் காலைல கொண்டாரச் சொன்னாக.”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரபத்திரனின் கறுப்பு எஞ்சின் வந்தது. அதே இழுவை வண்டி, அதே பெட்டிகள், அதே ஏற்றம். சக்கரம் வழுக்கியது.

முந்நூற்று முப்பது.

“என்னது!” வீரபத்திரன் கத்தினார். “ரெண்டு நாள்ல என் எஞ்சின் இளைச்சுப் போச்சா? பட்டினியா போட்டேன்?”

“உங்க எஞ்சினுக்கு ஒண்ணுமில்லண்ணே,” என்றாள் ஜாஸ்லின். “வண்டிக்குள்ள கெட்டி ஸ்பிரிங்கு இருக்கு. கெட்டியா இருந்தா கம்மியா நீளும், கம்மியாக் காட்டும். எனக்கு நூத்தி இருவது தின்னுருச்சு, உங்களுக்கு நூத்திப் பத்து. அது ஆளு பாத்துத் திங்கல. சாரு சொல்றபடி நான் என் முறைக்கு மட்டும் மாத்திட்டுப் பழசை மாட்டியிருந்தா, உங்களுக்கு இன்னைக்கும் நானூத்தி நாப்பதுல்ல வரணும்? வரல. சனிக்கிழமை யாரும் ஓட்டாத ஸ்பிரிங்கு இது.”

அவள் இடுப்பிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தாள். வண்டியைக் கவிழ்த்து நாலு ஸ்குரூவைக் கழற்றினாள். பளபளவென்று தடித்த ஸ்பிரிங் ஒன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. “என்னோடது மெலிசு. படகு எஞ்சின் கார்புரேட்டர்ல இருந்து எடுத்து நீலப் பெயிண்ட் அடிச்சது.”

“ஞாயித்துக்கிழமையில இருந்து வண்டி பூட்டின பெட்டிக்குள்ள,” என்றார் அக்கா. “சாவி யாருகிட்ட இருந்துச்சு?”

நாற்பது பேரும் ஒரு சட்டைப் பையைப் பார்த்தார்கள்.

“அந்த நீல ஸ்பிரிங்கை எடுங்க சார்,” என்றார் அக்கா. “கம்பெனி நடத்துறவருக்கு உதிரிப் பாகத்தைத் தூக்கிப் போட மனசு வராது.”

அருள்முருகன் அசையவில்லை. வீரபத்திரன் ஒரு எட்டு முன்னால் வைத்தார், அவ்வளவுதான். அருள்முருகனின் கை தானாகப் பைக்குள் போய், சாவிக்குப் பக்கத்திலிருந்து நீல ஸ்பிரிங்கை எடுத்து மேஜையில் வைத்தது.

“அக்கா,” என்று நான் காதோரம் கிசுகிசுத்தேன். “நான் உளறினதுக்கு...”

“உளறுவேன்னு தெரிஞ்சுதான் கூட்டிக்கிட்டுப் போனேன். உன் வாய் மேல எனக்கு அம்புட்டு நம்பிக்கை. தராசுல கள்ளம் பண்ணினவன் ஆய்வாளர் வாராருன்னு தெரிஞ்சா சும்மா உக்கார மாட்டான்டா. எதையாவது மாத்துவான். மாத்தும்போதுதான் மாட்டுவான். இருபது வருசமா பாத்தாச்சு. மாத்தாம விட்டிருந்தா நானூத்தி எண்பது வந்துருக்கும். எப்படியும் புள்ளை ஜெயிச்சிருக்கும்.”

என் நெஞ்சடைப்புக்கு ஒரு வடையாவது வாங்கித் தர வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வீரபத்திரன் நடுக்கூடத்தில் நின்று உரக்கச் சொன்னார்: “எழுதிக்கங்கப்பா. முதல்ல வந்தது ஜாஸ்லினு. நானூத்தி எண்பது. நான் ரெண்டாவது. நேரா தோத்துருக்கேன், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அடுத்த வருசம் இந்தப் புள்ளையைத் தோக்கடிக்காம விட மாட்டேன், அது வேற விசயம்!”

“வாங்கண்ணே, பாப்போம்,” என்றாள் ஜாஸ்லின்.

அருள்முருகன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விபூதி வேர்வையில் கரைந்திருந்தது. குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். “அந்தக் கூடத்து வாசல்ல ஒரு தடவை என் பேரும் இருக்கட்டுமேன்னு ஆசைப்பட்டுட்டேன்ம்மா. வண்டியை எடுத்துக்க. பாலம் வேலையும் உனக்குத்தான். வெளிய மட்டும் போக வேணாம், கழகத்துக்கே கெட்ட பேரு. பெரிய மனசு பண்ணும்மா.”

கூடத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கு நம் ஊரில் எப்போதும் ஆள் கிடைக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பேரை போர்டில் போடப் போகிறேன் என்று அவர் மிரட்டியபோது இந்தத் தலைகள் எங்கே போயிருந்தன?

ஜாஸ்லின் நீல ஸ்பிரிங்கை எடுத்து வண்டிக்குள் வைத்தாள். நாலு ஸ்குரூவையும் நிதானமாக முறுக்கினாள். வண்டியைக் கூடையில் வைத்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

“எனக்குச் சின்ன மனசுதான் சார்,” என்றாள். “எழுதுங்க.”

“என்னம்மா எழுத?”

“நீங்க செஞ்சதை. உங்க அழகான எழுத்துல. கீழ கையெழுத்து.”

அவர் அக்காவைப் பார்த்தார், வீரபத்திரனைப் பார்த்தார், கடைசியில் என்னைக்கூடப் பார்த்தார். நான் குனிந்து தரையில் கிடந்த பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் மன்னிப்புக் கடிதத்தின் புதுப் பிரதியைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் எழுதினார். பத்து வரி. கையெழுத்துப் போட்டார். ஜாஸ்லின் வாங்கி ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“போர்டுல நீங்களே ஒட்டுங்க. அதுக்கு முன்னாடி வாசிங்க.”

அருள்முருகன் எழுந்து நின்றார். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, முன்வரிசைக்கு மட்டும் எட்டுகிற குரலில் மூன்று வரி வாசித்தார்.

“கேக்கல,” என்றாள் ஜாஸ்லின்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.